2018-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், வாரம் நான்கு மணி நேரம் கேம்: மாற்றுவதா, ஓட்டுவதா?

#1 அரைமணி வீரன்

2018 கடைசியில் நானே உட்கார்ந்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1060 கார்டு (6 ஜிபி). நடுவில் ஒரு எஸ்எஸ்டி சேர்த்தேன், அவ்வளவுதான்.

கேம் விஷயத்தில் நான் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். ராக்கெட் லீக் என்றால் மேட்ச் ஐந்து நிமிடம். மூன்று ஆடிவிட்டு எழுந்துவிடலாம். சனிக்கிழமை இரவு மட்டும் பழைய கூட்டாளிகள் மூன்று பேரோடு டோட்டா 2. எல்லாம் சேர்த்தாலும் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டாது.

இரண்டு மாதமாகத் தொல்லை. கூட்டமாகச் சண்டை மூண்டால் படம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அரை நொடி கழித்து வேறெங்கோ தாவி நிற்கிறது, அதற்குள் நான் செத்திருப்பேன். போன சனிக்கிழமை மட்டும் நான்கு முறை. "உன் டப்பாவை அருங்காட்சியகத்தில் வை" என்கிறான் கூட்டாளி.

போதாததற்கு இன்னொரு கேம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டரைத் தொடங்கவிடும் காவல்) அணைந்திருக்கிறது என்று சொல்லித் திறக்கவே மறுக்கிறது. நான் எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் சில இணையப் பக்கங்கள்கூட 'பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டுகின்றன, ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகின்றன. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

நான்கு மணி நேரத்துக்காகப் புதிதாக ஒன்று கட்டலாமா? கட்ட ஆசையாகவும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

#2 நடுராத்திரி

கட்டுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1060 என்பது 2016 ஜூலையில் வந்த கார்டு. ஏஎம்டி-யின் புது சாக்கெட்டான ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம், புதுக் கார்டு, நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று போய்விடுங்கள். 60-இல் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 17 மில்லி நொடி, 144-இல் ஏழுதான். ஒரு வாரம் அதில் கண் பழகிவிட்டால் பழைய மானிட்டரைப் பார்க்கவே பிடிக்காது. நான்கு மணி நேரம்தான் ஆடுகிறீர்கள் என்றால், அந்த நான்கு மணி நேரமாவது நன்றாக இருக்க வேண்டாமா?

#3 பழைய ஜம்பர்

காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறீர்கள்.

தம்பி, 'ஒட்டிக்கொள்கிறது' என்பதில் இரண்டு ரகம் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அடுத்த முறை ஒட்டும்போது மவுஸை ஆட்டிப் பாருங்கள். பார்வை வழுக்கிக்கொண்டு நகர்கிறது, ஆனால் மற்ற ஆட்கள் மட்டும் சிலையாக நின்று பிறகு தாவுகிறார்கள் என்றால் அது நெட்வொர்க். பார்வையே சேர்ந்து உறைந்தால் கோளாறு உங்கள் பெட்டிக்குள். பாதிப் பேர் பிங் (சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம்) பிரச்சினைக்குக் கார்டு மாற்றுகிறார்கள். மீதிப் பேர் ராம் பிரச்சினைக்கு இணைய நிறுவனத்தோடு சண்டை போடுகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எவ்வளவு என்று காட்டுகிறது? இரவில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகு சுவர் ஸ்விட்சையும் அணைக்கிறீர்களா?

#4 ஒற்றைச்சிறகு

ஜம்பர் அண்ணன் பெட்டியைப் பார்த்துக்கொள்வார். நான் வேறொன்று கேட்கிறேன். ராங்க் ஏறுவதற்காகக் கம்ப்யூட்டர் மாற்ற நினைக்கிறீர்களா?

அப்படியென்றால் வேண்டாம். மேட்ச் கூட்டும் முறை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அடிப்படை, ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காகப் போட்ட கணக்கு. 1970-இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதை ஏற்றுக்கொண்டது. ஜெயித்தால் புள்ளி ஏறும், பலமானவரைச் சாய்த்தால் கூடுதலாக ஏறும், தோற்றால் இறங்கும். ஆன்லைன் கேம்கள் அதையே நீட்டி வளைத்து, உங்களுக்குச் சமமான ஆளைத் தேடித் தருகின்றன. அதாவது நீங்கள் பாதி ஜெயித்துப் பாதி தோற்கிற இடத்துக்குத்தான் உங்களைக் கொண்டுபோய் விடும். புது மானிட்டரால் கொஞ்சம் கூடுதலாக ஜெயித்தால் இரண்டு வாரத்தில் எதிரிகளும் கூடிவிடுவார்கள். பிறகு மறுபடி பாதிக்குப் பாதி.

நான் இதைப் புரிந்துகொண்ட நாளில் ராங்க் மேட்ச் ஆடுவதை விட்டேன். இப்போது தம்பி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரில் மகனோடு மைன்கிராஃப்ட். அவன் கோட்டை கட்டுகிறான், நான் சுரங்கம் வெட்டுகிறேன். சுரங்கம் வெட்ட 144 ஹெர்ட்ஸ் தேவைப்படவில்லை.

#5 நடுராத்திரி

> சுரங்கம் வெட்ட 144 ஹெர்ட்ஸ் தேவைப்படவில்லை.

அக்கா, ஜெயிப்பதற்காக மட்டுமா நல்ல மானிட்டர்? படம் வழுக்கிக்கொண்டு ஓடுவதே ஒரு சுகம். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு மிதிக்கிற மாதிரி. பந்தயத்துக்குப் போகாதவன் எண்ணெய் போடக் கூடாதா?

வீரன், விண்டோஸ் 11-க்கு மாறினீர்களா? அது கேட்கிற எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பைப் போட்டிருந்தால் அதுகூடக் காரணமாக இருக்கலாம். ரைசன் போர்டுகள் சிலவற்றில் அதனால் இடையிடையே திக்கல் வரலாம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் போர்டின் மென்பொருள்) அப்டேட்டில் அதற்கு மருந்து வந்தது.

#6 ஒற்றைச்சிறகு

எண்ணெய் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

#7 அரைமணி வீரன்

ஜம்பர் அண்ணே, மவுஸ் ஆட்டிப் பார்த்தேன். மூன்று முறை ஒட்டியதில் இரண்டு முறை பார்வையும் சேர்ந்து உறைந்தது. ஒரு முறை மட்டும் பார்வை நகர்ந்தது, மற்றவர்கள் சிலை. அப்படியானால் என்னிடம் இரண்டு நோயுமா?

மெமரி வேகம் 2133 என்று காட்டுகிறது. ராம் அட்டையில் 3000 என்று போட்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது, வாங்கிய அன்றே பயாஸில் அதை மாற்றினேன்.

சுவர் ஸ்விட்சைத் தினமும் அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவதால் அதற்கு முன்பே 11-க்கு மாறினேன், நடுராத்திரி. 11 ஏற்றுக்கொள்கிற சிப்புகளின் பட்டியலில் 2600 இருந்ததால் தப்பித்தது.

#8 பழைய ஜம்பர்

சம்பந்தம் இருக்கிறது.

மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கம்ப்யூட்டருக்குக் கரண்டே வராதபோது கடிகாரம் ஓடுவது அதில்தான், பயாஸ் அமைப்புகளும் பல போர்டுகளில் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஸ்விட்ச் போட்டே கிடந்தால் பவர் சப்ளை மெல்லிய கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், பேட்டரி பல வருடம் தாங்கும். தினமும் ராத்திரி ஸ்விட்சை அணைத்தால் அந்தச் சுமை முழுக்கப் பேட்டரி தலையில்.

இப்போது வரிசையாக வையுங்கள். பேட்டரி செத்தது. கடிகாரம் பின்னால் போனது. தேதி தப்பாக இருந்தால் இணையப் பக்கத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைக்கும், அதனால்தான் மிரட்டல். ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் சரியாகிவிடுகிறது. பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியதால் செக்யூர் பூட் அணைந்தது. ராமும் 3000-இலிருந்து 2133-க்கு விழுந்தது.

ரைசனில் இந்தக் கடைசி விஷயம் வலிக்கும். சிப்புக்குள் பகுதிகளை இணைக்கிற பாதையின் வேகம் ராம் வேகத்தோடு கட்டிப்போடப்பட்டது. ராம் படுத்தால் அதுவும் படுக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பெரிதாகக் குறையாது. ஆனால் கூட்டச் சண்டையில் திக்கும். நீங்கள் சொன்ன அதே இடம்.

புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு புதுப் பேட்டரி போடுங்கள். பேட்டரி பெரும்பாலும் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கார்டைக் கழற்ற வேண்டிவரும். போட்ட பிறகு பயாஸில் தேதி, எக்ஸ்எம்பி (ராமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓடவிடும் அமைப்பு), செக்யூர் பூட் மூன்றையும் சரிசெய்து, அந்தத் திரைகளை அப்படியே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எக்ஸ்எம்பி உங்கள் போர்டில் வேறு பெயரில் இருக்கலாம், மெமரி புரொஃபைல் என்று தேடுங்கள்.

#9 நடுராத்திரி

எஃப்டிபிஎம் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அண்ணே, எப்படி இதெல்லாம்?

#10 பழைய ஜம்பர்

அடிபட்டுத்தான். என் முதல் அசெம்பிளில் ஹார்டு டிஸ்க்கும் சிடி டிரைவும் ஒரே ரிப்பன் கேபிளில். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று இருக்க வேண்டும்; நான் இரண்டுக்கும் பின்னால் ஜம்பரை (முட்களை இணைக்கும் குட்டி மூடி) மாஸ்டர் என்றே வைத்துவிட்டேன். இரண்டும் தெரியவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று இரண்டு நாள் துக்கம். கடைசியில் அரிசி மணி அளவு ஜம்பரை ஊசியால் இழுத்து இரண்டு முள் தள்ளி மாட்டினேன், உயிர் வந்தது. என் பெயர் அதிலிருந்துதான்.

அப்போது இன்னொரு பைத்தியமும் இருந்தது. 1998-இல் வந்த செலரான் 300ஏ. சிப்பைப் போர்டோடு இணைக்கும் பாதையான 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். பெரும்பாலானவை ஓடின. அடுத்த விலையில் இருந்த சிப்பை வாங்கியவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது சிப்பே தன்னால் முடிந்தவரை வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. நமக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

#11 தூங்காவிளக்கு

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். பெட்டி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சனிக்கிழமை இரவு பற்றி இருக்கிறது.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நான் கொஞ்ச காலம் வாழ்ந்தேன். 'ஆடினேன்' என்று சொல்ல மாட்டேன். அதில் மோல்ட்டன் கோர் என்ற நிலவறைக்குள் போக நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரை ஒரே நேரத்தில் உட்காரவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று கல்யாண மண்டபம் பிடித்தவர்களுக்குத் தெரியும். யாருக்காவது குழந்தை அழும், யாருக்காவது லைன் போகும், ஒருவர் மட்டும் இல்லாத கவசத்துக்காகச் சண்டை பிடிப்பார். வாரத்தில் மூன்று இரவு. 2019-இல் கிளாசிக் என்று பழையதையே மறுபடி திறந்தபோது அந்தக் கூட்டத்தைத் தேடினேன். நாற்பதில் நான்கு பேர் வந்தோம். இரண்டாவது வாரம் இரண்டு பேர்.

எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் ஒன்றுதான். அன்று கூட்டாளிகள்தான் 'வா' என்று கூப்பிட்டார்கள், இன்று கேமே கூப்பிடுகிறது. தினசரி வேலை, வாராந்திர வேலை, பேட்டில் பாஸ் முடிய பதினோரு நாள்தான் இருக்கிறது என்று ஓரத்தில் ஓடும் கடிகாரம். அரை மணி நேரத்துக்கு உட்காருகிற ஆளுக்கு அந்த அரை மணியும் பாக்கி அடைப்பதிலேயே போய்விடுகிறது. வீரன் வாராவாரம் மூன்று பேரோடு உட்காருகிறார் என்றால் அதற்காக எந்தப் பேட்டரியையும் மாற்றலாம்.

#12 ஒற்றைச்சிறகு

பேட்டில் பாஸை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால்: பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, வாங்கிய பொருளை எடுத்துக்கொள்ள மூன்று மாதம் உழைப்பது. ஒருமுறை வாங்கினேன். கடைசி வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடி ஒரு தொப்பி வாங்கினேன். அந்தத் தொப்பியை அதன்பிறகு போட்டதே இல்லை.

தூங்காவிளக்கு, ஆள் போனால்கூடப் பரவாயில்லை, சில சமயம் ஊரே போய்விடுகிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமை 2004-இல் தொடங்கி 2012 நவம்பர் 30-இல் சர்வரை அணைத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை, தாங்களே சர்வர் நடத்தினார்கள். 2024 ஜனவரியில் அதில் ஒரு குழுவுக்கு உரிமையாளரே முறையான அனுமதி கொடுத்தார். அப்படி முடிவது அபூர்வம். தி க்ரூ என்ற கார் பந்தய கேமை 2024-இல் அணைத்த பிறகுதான், விற்ற கேமை இப்படிச் சாகவிடக் கூடாது என்று ஒரு இயக்கமே கிளம்பியது. ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டினார்கள். சொந்தமாகக் கட்டிய பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை, பாருங்கள். அதை யாரும் எங்கிருந்தோ அணைக்க முடியாது.

#13 நடுராத்திரி

மூன்று முறை ஒட்டியதில் ஒரு முறை மற்றவர்கள் மட்டும் சிலையானார்களே, ஜம்பர் அண்ணன் கணக்குப்படி அது நெட்வொர்க். அது அப்படியே நிற்கிறது. வீரன், இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து ஒன்றில் ரவுட்டருக்கும் இன்னொன்றில் வெளியே ஏதாவது ஒரு முகவரிக்கும் பிங் ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் செய்யுங்கள். ரவுட்டர் வரை சீராக இருந்து வெளியே மட்டும் எகிறினால், அப்லோட் வரிசையில் உங்கள் கேம் பாக்கெட் கால் கடுக்க நிற்கிறது என்று அர்த்தம். ரவுட்டருக்கே எகிறினால் வைஃபை, அதற்குக் கேபிள் இழுப்பதுதான் மருந்து.

தூரத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சர்வர் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்பவே 30 மில்லி நொடி. எந்த 'கேமிங் ரவுட்டர்' வாங்கினாலும் அதற்குக் கீழே இறங்காது. பெட்டியில் எத்தனை கொம்பு முளைத்திருந்தாலும் சரி.

#14 அரைமணி வீரன்

கண்டுபிடித்துவிட்டேன். ரவுட்டருக்கு 2 மில்லி நொடி, ஆடவே இல்லை. வெளியே சாதாரணமாக 48, அப்லோட் ஓடும்போது 400-க்கு மேல். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் எல்லா கைபேசியும் சார்ஜில் போய், அன்றைய படங்களை மேலே ஏற்றத் தொடங்குகின்றன. நான் உட்காருகிற அதே நேரம்! ரவுட்டரில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு போட்டேன், லைனின் முழுத் திறனைவிடக் கொஞ்சம் குறைவாக. அறுபதைத் தாண்டவில்லை.

பேட்டரியும் வாங்கிவிட்டேன். கார்டைக் கழற்றுகிறோமே, அப்படியே தெர்மல் பேஸ்ட்டும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

#15 பழைய ஜம்பர்

தம்பி, உங்கள் போர்டின் சாக்கெட் ஏஎம்4. அதில் கூலரை (சிப்பின் மேல் இருக்கும் குளிர்விப்பானை) நேராக மேலே இழுக்காதீர்கள். பழைய பேஸ்ட் கோந்து மாதிரி இறுகியிருக்கும். முதலில் பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, பிறகு அணைத்து, திருகைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பித் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

#16 அரைமணி வீரன்

இதை ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

நேராக இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கூலரோடு சிப்பும் கையில் வந்துவிட்டது, சாக்கெட் பூட்டியபடியே இருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் ஐந்து முள் சாய்ந்திருக்கிறது. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

#17 பழைய ஜம்பர்

பயப்படாதீர்கள். ஏஎம்4 சிப்பில் 1331 முள். ஐந்து சாய்ந்ததற்கு அழ வேண்டாம், உடையவில்லையே. அந்தச் சத்தம் கேட்காதவர்கள் குறைவு. ஏஎம்5-இல் முள்ளை மதர்போர்டுக்கே மாற்றிவிட்டார்கள். சிப் பிழைத்தது, இப்போது போர்டு சாக்கெட்டைப் பார்த்துப் பதற வேண்டும்.

லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சில் இருக்கிறதா? அதன் மூக்கை முள்ளின் மேல் செருகி, முடி அளவு முடி அளவாக நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடியும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். வரிசை ஒன்றின் பின் ஒன்றாக மறைய வேண்டும். சாக்கெட் நெம்புகோலைத் தூக்கிவிட்டு வைத்தால் சிப் தானாக விழுந்து உட்கார வேண்டும். அழுத்தவே கூடாது.

#18 அரைமணி வீரன்

நாற்பது நிமிடம் ஆனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ததில் தலை சுற்றியது. நான்காவது முயற்சியில் சிப் தானாக இறங்கியது. அந்த இறங்கல் இருக்கிறதே, வருடக்கணக்கில் எந்த மேட்ச் ஜெயித்தபோதும் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

பேஸ்ட் தடவி, கூலர் மாட்டி, பேட்டரி போட்டு, கார்டைச் செருகினேன். இப்போது புதுத் தலைவலி. ஆறு திருகு கழற்றினேன், மேசையில் ஐந்துதான் இருக்கிறது. இன்னும் ஸ்விட்ச் போடவில்லை.

#19 பழைய ஜம்பர்

போடாதீர்கள். போர்டுக்குப் பின்னால் விழுந்திருந்தால் ஷார்ட் ஆகும். கார்டை எடுத்துவிட்டுப் பெட்டியை மெதுவாகச் சாய்த்து ஆட்டிக் காது கொடுங்கள். பவர் சப்ளை மேல் மூடியின் இடுக்கு, விசிறிக்குக் கீழே, கேபிள் கட்டுக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

#20 நடுராத்திரி

தேடிக்கொண்டிருக்கும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டச் சொன்னது நான்தான். அதை மாற்றிக்கொள்கிறேன். பி450 போர்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பயாஸை அப்டேட் செய்தால் (2600 உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும், சிப்பை மாற்றிய பிறகு அல்ல) ரைசன் 5600-ஓ, கிடைத்தால் 5800எக்ஸ்3டி-யோ உட்காரும். 2022-இல் வந்த அந்த எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) மட்டும் 96 எம்பி. போர்டு, ராம் எதையும் தொட வேண்டாம். ஆனால் அந்தப் பென்சில் கதைக்குப் பிறகு கொஞ்ச நாள் சிப் பக்கம் போக மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

#21 அரைமணி வீரன்

இந்த வருடம் போக மாட்டேன்.

பெட்டியைத் தலைகீழாக ஆட்டியும் ஒரு சத்தமும் இல்லை. தரையில் காந்தம் வைத்துத் துழாவியதில் பழைய சேஃப்டி பின் ஒன்றுதான் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, உள்ளே நிச்சயம் இல்லை என்று முடிவு செய்து ஸ்விட்சைப் போட்டேன். வந்தது. தேதி, மெமரி புரொஃபைல், செக்யூர் பூட் மூன்றும் சரி, படமும் எடுத்தாயிற்று. டாஸ்க் மேனேஜரில் 3000.

கூட்டாளிகள் காத்திருந்தார்கள். ஒரு மேட்ச், நாற்பத்தைந்து நிமிடம். கூட்டச் சண்டையில் ஒருமுறைகூட ஒட்டவில்லை. தோற்றோம். ஒட்டாமல் தோற்றோம்.

திருகு கிடைத்துவிட்டது. மேட்ச் முழுக்க இடது காதில் ஏதோ லேசாகக் 'கிணிக் கிணிக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்தது ஹெட்செட்டா என்று மனசு நொந்துபோய்க் கழற்றிப் பார்த்தால், காது மூடியின் உள்ளே ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கார்டில் மாட்ட நாளைக்கு மறுபடி கதவைத் திறக்க வேண்டும்.